பீரோவில் இருக்கும் அப்பாவின் போன்

வாசகர் கடிதம்:

"ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். அப்பா பிப்ரவரி 3ஆம் தேதி தவறிவிட்டார். அதற்கு முன் ஜனவரி 9 முதல் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். காரியம் முடிந்த மறுவாரமே பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டின் பிரின்ட். அப்பா அவருக்கு அனுப்பியதாக அதில் ஒரு செய்தி: 'பணம் ஆறு லட்சம் வந்துச்சு. அறுப்பு முடிஞ்சதும் ஆறு மாவையும் கிரயம் பண்ணித் தரேன்.' (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு.) தேதி ஜனவரி 12. நேரம் 12:50. பகலா இரவா என்ற இடம் வெட்டுப்பட்டிருக்கிறது. அப்பாவுக்குத் தமிழில் டைப் செய்யத் தெரியாது, எப்போதும் வாய்ஸ்தான் அனுப்புவார். ஆஸ்பத்திரியில் அண்ணனும் இரண்டு இரவு துணைக்கு இருந்தார். இப்போது கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். அப்பாவின் போனை அவர் இறந்த அன்றே அணைத்து பீரோவில் வைத்துவிட்டோம். போன வாரம் தம்பி பத்து நிமிடம் ஆன் செய்து பார்த்தான். அப்படி ஒரு செய்தி அதில் இல்லை. கும்பகோணத்தில் ஒரு கடையில் அழித்த மெசேஜை மூவாயிரம் ரூபாய்க்கு எடுத்துத் தருவார்களாம், கொடுக்கலாமா? அந்தப் பிரின்ட் கோர்ட்டில் செல்லுமா? டவரை வைத்து அப்பா அனுப்பவில்லை என்று நிரூபிக்க முடியுமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாகத் தம்பியிடம் சொல்லுங்கள், போனை இனித் தொட வேண்டாம். கும்பகோணம் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். மூவாயிரம் ரூபாய் போனால் போகட்டும், அந்தப் போனில் இருப்பது போனால் திரும்ப வராது.

ஆண்ட்ராய்டு போன் என்றால், வாட்ஸ்அப் தினமும் அதிகாலை இரண்டு மணி வாக்கில் அதுவரையிலான உரையாடல்களை ஒரு பிரதி எடுத்து போனுக்குள்ளேயே வைக்கும். கடைசி ஏழு நாள் பிரதிகள் வரை இருக்கும். புதிது ஒன்று சேர்ந்தால் பழையது ஒன்று கழியும். அப்பா இறந்த அன்றே போனை அணைத்துவிட்டீர்கள். ஆகவே ஜனவரி கடைசி வாரத்துப் பிரதிகள் இன்னும் அதற்குள் அப்படியே உறைந்து கிடக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தச் செய்தி உண்மையிலேயே இந்தப் போனிலிருந்து போய், அந்தக் கடைசி வாரத்தில் யாரோ அழித்திருந்தால், பழைய பிரதி ஒன்றில் அது அகப்படும். அனுப்பிய கையோடு அன்றைக்கே அழித்திருந்தால் பிரதிகளில் இருக்காது, வேறு இடத்தில்தான் தேட வேண்டும். எப்படியானாலும், தம்பி ஆசைப்பட்டு போனை ஆன் செய்து ஒரு வாரம் சார்ஜில் போட்டுவைத்தால், ஒவ்வொரு விடியற்காலையும் ஒரு சாட்சி வீட்டை விட்டுக் கிளம்பிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை கிடைத்தால் கூகுள் கணக்கில் இருக்கும் பழைய பிரதியின் மேலும் புதியது ஏறிவிடும். எந்தச் செயலி எப்போது திறந்தது என்று போன் தானாக எழுதிவைக்கும் குறிப்புகள் உண்டு. அவற்றில் விவரமானவை சில நாட்களுக்குமேல் தங்காது.

கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் வேலை உடைந்த டிஸ்பிளே மாற்றுவது. அழித்ததை மீட்கும் மென்பொருள் என்று அவர் வைத்திருப்பவற்றில் பல, போனை ரூட் செய்யச் சொல்லும், அதாவது நிறுவனம் போட்ட தடையை உடைத்து போனின் முழு அதிகாரத்தையும் எடுக்கச் சொல்லும். அதற்காக பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரல்) திறந்தால் போன் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். இன்றைய போன்களில் தரவு பூட்டுப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. துடைக்கும்போது சாவியும் சேர்ந்து அழிகிறது. அதற்கப்புறம் எந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் பயனில்லை.

சரி, தம்பி ஆன் செய்த அந்தப் பத்து நிமிடம். அதை மறைக்க வேண்டாம். என்று, எத்தனை மணிக்கு, யார் முன்னால், சிம் உள்ளே இருந்ததா, டவர் வந்ததா, வாட்ஸ்அப்பைத் திறந்தானா, எதையாவது அழித்தானா என்று அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நாளை ஆய்வு செய்கிறவர் எப்படியும் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிடுவார். நீங்கள் சொல்லி அவர் பார்த்தால் அது ஒரு தகவல். நீங்கள் சொல்லாமல் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேட்டால் மொத்தப் போனுமே சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

போனை ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் அம்மாவும் ஊரில் பொதுவான ஒருவரும் தேதியோடு கையெழுத்துப் போடட்டும். ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்க்கப் போனைத் திறக்க வேண்டாம், அட்டைப்பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். ஈரமில்லாத, வெயில் படாத இடம் போதும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டெல்டாவிலிருந்து ஆய்வுக்காக என்னிடம் வரும் போன்களில் பாதி அரிசிக்குள் புதைந்துதான் வருகின்றன. வாய்க்காலில் விழுந்த போனும் அரிசியில், விழாத போனும் அரிசியில். பொன்னி அரிசி ஈரத்தை இழுத்ததை நான் பார்த்ததில்லை. சார்ஜர் துளைக்குள் தவிடு அடைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் எண்ணுக்கு வேறு ஒரு போனிலிருந்து ரீசார்ஜ் செய்துவிடுங்கள். இறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. உபயோகமில்லாத எண்ணை நிறுவனம் நிறுத்தி இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். கூகுளில் இருக்கும் பிரதியைத் திறக்க அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி தேவைப்படலாம். சிம்மை வாரிசு பெயருக்கு மாற்றுவது பிறகு ஆகட்டும். வாட்ஸ்அப்பும் சாதாரணமாக 120 நாள் சும்மா கிடக்கும் கணக்கை நீக்கிவிடும். போனுக்குள் இருப்பது அதனால் உடனே போகாது என்றாலும், இந்த வேலையை ஆடிக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி அந்தப் பிரின்ட். ஸ்கிரீன்ஷாட் என்பது ஒரு திரையின் படம், அவ்வளவுதான். அதில் மேலே "சித்தப்பா" என்று இருந்தால், உங்கள் அண்ணன் தன் போனில் யாரோ ஒருவர் எண்ணை "சித்தப்பா" என்று சேமித்திருக்கிறார் என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது. என் மனைவி போனை எடுத்து என் எண்ணை உங்கள் அப்பா பெயரில் சேமித்து, அவர் படத்தையும் என் முகப்பில் வைத்தால், இரண்டு நிமிடத்தில் அதே மாதிரி ஒரு பிரின்ட் நானும் தருவேன். போலி செய்ய எந்தச் செயலியும் வேண்டாம். அதனால் முதல் கேள்வி: அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் எது? இரண்டாவது, வலது ஓரம் ஏன் வெட்டுப்பட்டது? பிரின்ட் எடுத்த கடையில் நேர்ந்த விபத்தாகவும் இருக்கலாம். நான் இப்போதே சந்தேகப்பட மாட்டேன், ஆனால் வெட்டாத படத்தைக் கேட்பேன். வாட்ஸ்அப்பிலிருந்து உரையாடலை "எக்ஸ்போர்ட்" செய்து கொடுத்தாலும் மயங்க வேண்டாம். அது வெறும் எழுத்துக் கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு வரி சேர்க்கலாம்.

கோர்ட்டில் செல்லுமா என்றால், பிரின்ட் மட்டுமாகச் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைக் கொடுக்கிறவர் அதோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்கிறது. அதற்கு இரண்டு பகுதி. ஒன்று கருவியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. இரண்டிலும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பு (என்னவென்று கீழே சொல்கிறேன்) எழுதப்பட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்ததன் வாரிசு இது. அந்த 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும், மறுபடி 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் சொன்னது. மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் பின்னதில் விளக்கியது. ஆகவே உங்கள் வக்கீல் அந்தத் தாளைக் கோர்ட்டில் சாட்சிய ஆவணமாக எண் போட்டு மார்க் செய்யும்போதே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டு, மேல்முறையீட்டில் இதைக் கிளப்பினால் ரொம்பவும் கடினம்.

ஹாஷ் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு கோப்பை எடுத்து ஒரு கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்து கொண்ட ஒரு நீண்ட வரி வரும் (எஸ்எச்ஏ 256 முறையில்). கோப்பில் ஒரு கால்புள்ளி மாறினாலும் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். என் கைக்கு வந்த அன்று என்ன வரி வந்ததோ, கோர்ட்டில் பார்க்கும் அன்றும் அதே வரி வந்தால் நடுவில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். ஹாஷும் சான்றிதழும் நகல் சரியான நகல் என்று மட்டும் சொல்லும். நகலெடுக்கப்பட்ட விஷயம் உண்மையா என்று சொல்லாது. பொய்யான செய்திக்கும் மிகச் சரியான ஹாஷ் உண்டு. சான்றிதழோடு வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

உண்மையைச் சொல்லப்போவது இரண்டு போன்களும் சேர்ந்துதான். வாட்ஸ்அப் ஒவ்வொரு செய்திக்கும் திரையில் தெரியாத ஓர் அடையாள எண் போடுகிறது. அனுப்பியவர் போனிலும் வாங்கியவர் போனிலும் அதே எண்தான். அண்ணன் போனில் அந்தச் செய்தி உண்மையாக இருந்தால் அதன் எண்ணை எடுத்துக்கொண்டு அப்பாவின் போனுக்குள் தேடலாம். அப்பாவின் போனில் செய்திகள் ஒரு தரவுத்தளத்தில் வரிசை எண்ணோடு உட்கார்ந்திருக்கும். 4,118க்கு அடுத்து 4,120 இருந்தால் 4,119 எங்கே போயிற்று என்று கேட்கலாம். அழிந்த வரியின் எழுத்துகள் சில சமயம் அந்தத் தரவுத்தளத்தின் காலி இடங்களிலேயே கிடக்கும், வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை. தம்பி பார்த்தபோது இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: வந்ததே இல்லை, அல்லது இருந்து அழிக்கப்பட்டது. திரையைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

அண்ணனின் போனை நீங்கள் கேட்டால் அவர் தர வேண்டியதில்லை. அவர் வழக்குப் போட்டால், உங்கள் வக்கீல் அந்த போனைக் கோர்ட்டில் ஒப்படைக்கவும், இரண்டு போன்களையும் நிபுணரை வைத்துச் சோதிக்கவும் மனுப் போடலாம். அறிவியல் ஆய்வுக்காக ஆணையர் நியமிக்க சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 26, விதி 10ஏ இருக்கிறது. போலிப் பத்திரம் என்று இப்போதே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்பது கடைசியில் வரும்.

நேரத்துக்கு வருகிறேன், இதில் நானே அடிபட்டிருக்கிறேன். போன் உள்ளே நேரத்தை நம் நேரத்தில் எழுதுவதில்லை. உலகப் பொது நேரத்தில், 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்று எழுதும். (எப்போதாவது போனில் ஒரு கோப்பு 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அங்கே பூஜ்யம் எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.) நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பல வருடங்களுக்கு முன் ஓர் அறிக்கையில் நான் அந்த ஐந்தரையைக் கூட்டாமல் விட்டேன். நள்ளிரவு தாண்டி நடந்தது முந்தின நாள் மாலையாகிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் கால்குலேட்டர்கூட எடுக்கவில்லை, விரல்விட்டே எண்ணிக் காட்டினார். உங்கள் விஷயத்தில் 12:50 நள்ளிரவு தாண்டியது என்றால் பொது நேரத்தில் அது ஜனவரி 11, இரவு 7.20. பகல் 12:50 என்றால் ஜனவரி 12 காலை 7.20. யாராவது தரும் அறிக்கையில் ஜனவரி 11 என்று பார்த்ததும் "தேதியே மாறிவிட்டது, பொய்" என்று குதிக்க வேண்டாம். எந்த நேரக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். ஆனால் பகலா இரவா என்பது உங்களுக்கு மிக முக்கியம். பகல் என்றால் கட்டிலைச் சுற்றி யார் யார் இருந்தார்கள், இரவு என்றால் துணைக்குப் படுத்தது யார்.

டவரைப் பற்றி மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவியில் ஒரு பிடி நெல்லைப் போட்டால் 17 சதவீதம் என்று காட்டும். அது அந்தப் பிடிக்குத்தான், குவியலுக்கு அல்ல என்று நம் விவசாயிகள் சண்டை போடுவார்கள். டவரும் அப்படித்தான். போன் எந்தக் கோபுரத்தோடு பேசியது என்று சொல்லுமே தவிர எந்த வீட்டில் இருந்தது என்று சொல்லாது. சமதரையில் கோபுரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் நம் பக்கத்தில் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் பல ஊர் அடங்கிவிடும். கொள்ளிடக் கரையில் நின்று பேசுகிறவருக்கு அக்கரை அரியலூர் மாவட்டத்துக் கோபுரம் கிடைத்து, "அன்றைக்கு ஆள் மாவட்டத்திலேயே இல்லை" என்று எழுதிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊருக்கும் தஞ்சாவூருக்கும் மன்னார்குடி வழியாக அறுபது கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தைப் பிரிக்க டவர் போதும். அப்பாவின் போன் அன்று தஞ்சாவூரில் இருந்ததா, ஊரில் இருந்ததா என்று தெரியும். ஆனால் அண்ணனும் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார் என்கிறீர்கள். ஒரே கட்டிலின் இரண்டு பக்கத்தில் இருக்கும் இரண்டு போன்களை டவர் பிரித்துக் காட்டாது. வேண்டுமென்றால் கோர்ட் மூலமாகக் கேட்கலாம். நிறுவனங்கள் அந்தப் பதிவுகளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் விதி. அவசரமில்லை.

எல்லாம் ஆய்வு செய்து, செய்தி அப்பாவின் போனிலிருந்துதான் போயிருக்கிறது என்று வந்தாலும், நான் அறிக்கையில் "அப்பா அனுப்பினார்" என்று எழுத மாட்டேன். "இந்தக் கருவியிலிருந்து, இந்தக் கணக்கிலிருந்து, இந்த நேரத்தில் போயிற்று" என்றுதான் எழுதுவேன். போன் யார் கையில் இருந்தது என்பது கருவிக்குத் தெரியாது. அதோடு, போனை ஒரு நிமிடம் கையில் வாங்கி, பூட்டையும் திறக்கத் தெரிந்தால், அந்தக் கணக்கை ஒரு லேப்டாப்பிலோ இன்னொரு போனிலோ இணைத்துவிடலாம். அப்புறம் அங்கிருந்து அனுப்புவதும் அப்பா அனுப்பியது போலத்தான் தெரியும். அப்படி இணைத்தவை, முதல் போன் 14 நாளுக்குமேல் உபயோகமில்லாமல் கிடந்தால் தானாகவே துண்டித்துக்கொள்ளும். இன்றைக்குப் பட்டியலில் ஒன்றும் இல்லை என்பதால் அன்றைக்கும் இல்லை என்று ஆகாது.

அப்பாவுக்கு டைப் செய்யத் தெரியாது என்பது நல்ல குறிப்பு. அவர் அனுப்பியவை வருடக்கணக்கில் குரல் பதிவுகளாகவே இருந்து, இது ஒன்று மட்டும் எழுத்தாக இருந்தால், நான் அதை அறிக்கையில் சொல்வேன். ஆனால் வழக்கத்துக்கு மாறானது என்றுதான் சொல்வேன், பொய் என்று சொல்ல மாட்டேன். கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாகிவிடும். கை நடுங்கும் நோயாளி பக்கத்தில் இருப்பவரை "நீயே போட்டு அனுப்பிடு" என்று சொல்வதும் நடக்கிறதுதான். சொல்நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க இரண்டே வாக்கியம் போதாது. போதும் என்று யாராவது சொன்னால் அவருக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தஞ்சாவூர் தனியார் ஆஸ்பத்திரியில் 25 நாள். அந்த பில்லை யார் கட்டினார்?

நீங்கள் கட்டியிருந்தால் ரசீது உங்களிடம் இருக்கும், இந்தக் கேள்வி இங்கேயே முடிகிறது. அண்ணன் கட்டியிருந்தால், அதில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலும், "பணம் வந்துச்சு" என்ற அந்த வாக்கியத்துக்கு வேறொரு முகம் வருகிறது. அப்பா சொல்ல, அண்ணன் டைப் செய்து, தன் எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அல்லது அப்பா ஒன்றைச் சொல்ல அண்ணன் ஒன்றைப் போட்டிருக்கலாம். அல்லது அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். போன் இந்த மூன்றையும் ஒரே மாதிரிதான் காட்டும். பணம் அப்படிக் காட்டாது. ஆறு லட்சம் என்றால் எங்கிருந்தோ எடுத்திருக்க வேண்டும், எங்கோ போயிருக்க வேண்டும். பாங்க் கணக்கு, யுபிஐ, ஆஸ்பத்திரி ரசீது எல்லாம் தேதியோடு இருக்கும். பாங்க் பேரேட்டின் நகலைச் சாட்சியமாக ஏற்க 1891ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்றைக்கும் உண்டு. போனுக்குள் போவதற்கு முன் நான் அதைத்தான் பார்ப்பேன். போலீஸுக்கு இப்போது போக வேண்டாம் என்றதும் இதனால்தான். பில்லில் அண்ணன் பணம் இருக்கிறதென்று பின்னால் தெரிந்தால் அந்தப் புகாரை எப்படித் திரும்ப வாங்குவீர்கள்?

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மா, தம்பி, நீங்கள் மூவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல், ஜனவரி 9 முதல் பிப்ரவரி 3 வரை அப்பாவின் போன் எந்தெந்த நாள் யார் கையில் இருந்தது, லாக் பேட்டர்ன் யார் யாருக்குத் தெரியும், ஒவ்வொரு இரவும் துணைக்குப் படுத்தது யார் என்று எழுதுங்கள். அம்மாவுக்கு எழுத வராது என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதட்டும், நீங்கள் வேண்டாம். மூன்று தாளும் ஒத்துப்போகாது. போகட்டும், திருத்தாதீர்கள். அப்படியே வக்கீலிடம் கொடுங்கள்.

பீரோ சாவி அம்மாவிடமே இருக்கட்டும்.